பச்சை விளக்கு மஞ்சளாகத் தெரிந்த காலை

எங்கள் பகுதியில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் பிரேக் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள். நானும் அதில் ஒருவன். பயிற்சிக் காரில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் எப்போதும் அக்காவின் வலது கால் இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர் தெருவிலேயே யாருக்கும் தெரியாது.

ஒரு டிரைவிங் ஸ்கூலில் போன் எடுக்கிற வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தார். அங்கே சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாம் ஆண்கள். அவர்கள் போடுகிற சத்தத்தில் கற்க வந்த பெண்கள் பாதியிலேயே நின்றுவிடுவார்கள். ஒருநாள் முதலாளியிடம் போய், "போன் எடுக்க வேற ஆளைப் பாருங்க, நான் வண்டில உட்கார்றேன்" என்றார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பிறகு தனியாக ஒரு பழைய கார் வாங்கி, அதற்குப் பிறகு ஒரு புதுக் கார் வாங்கி, சொந்தமாகப் பலகை மாட்டினார். கற்க வருகிறவர்களுக்கு முதல்நாள் அவர் சொல்வது ஒன்றுதான்: "பயம் இருக்கட்டும், தப்பில்ல. ஆனா அதைப் பின் சீட்டுல உட்கார வைங்க."

அவர் கணவர் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுத்தந்த மனைவியால் அவரைச் சைக்கிளிலிருந்து இறக்க முடியவில்லை. வீட்டில் சமையல், துணி துவைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் நெஞ்சு படபடப்பு வந்தது. உட்கார்ந்திருக்கும்போதே இதயம் தாறுமாறாகத் துடிக்கும். ஒரு நேரம் ஓடும், ஒரு நேரம் தடுமாறும். பெரிய மருத்துவமனையின் இதய மருத்துவர் பரிசோதித்துவிட்டு, துடிப்பு ஒழுங்கு தப்பியிருக்கிறது என்று சொல்லி மூன்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒன்று ரத்தம் உறையாமலிருக்க. ஒன்று உடம்பில் நீர் சேராமலிருக்க. மூன்றாவது, துடிப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்த. அதன் பெயர் டிகாக்சின், மிளகை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளை மாத்திரை.

"இது நல்ல மருந்து. ஆனா அளவு கொஞ்சம் கூடினாலும் சேட்டை பண்ணும். வேற எந்த டாக்டர்கிட்ட போனாலும் இதைச் சாப்பிடறேன்னு சொல்லிடுங்க" என்று அவர் சொன்னதை அக்கா காதில் வாங்கிக்கொண்டார். படபடப்பு அடங்கியது. இரண்டு வருடம் ஒரு வேளை தவறாமல் மாத்திரை போட்டார். சொன்ன எச்சரிக்கை மட்டும் மெல்ல மறந்துபோனது. நன்றாக இருக்கும்போது யாருக்குத்தான் அதெல்லாம் ஞாபகம் இருக்கிறது?

மழைக்காலத்தில் அவருக்குச் சளி பிடித்தது. இருமல் நெஞ்சில் இறங்கி, காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. தெருமுனை கிளினிக்குக்குப் போனார். அன்று நாற்காலி கிடைக்காமல் ஆட்கள் வாசல் வரை நின்றிருந்தார்கள். டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுக்கொண்டே, "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்றார்.

"புதுசா ஒண்ணும் இல்ல டாக்டர். வழக்கமா போடறதுதான்."

அந்த "வழக்கமா" என்ன என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்.

காய்ச்சல் விட்டது. இருமலும் குறைந்தது. ஆனால் பசி போய்விட்டது. தட்டைப் பார்த்தாலே குமட்டியது. ஒரு வாய் வைத்தால் தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. கணவர் காய்கறி சூப் வைத்துப் பார்த்தார், ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்துப் பார்த்தார். எல்லாம் வெளியே வந்தது.

"மாத்திரை சூடுங்க. கோர்ஸ் முடிஞ்சா சரியாயிடும்" என்றார் அக்கா. சாப்பாட்டை விட்டாலும் மாத்திரையை விடவில்லை. ஆன்டிபயாடிக்கும் போட்டார், இதய மாத்திரை மூன்றையும் போட்டார். வாந்தி எடுத்தால் வாயைக் கொப்பளித்துவிட்டு வேலைக்குப் போனார். கால் கனத்தது, இரண்டு படி ஏறினால் உட்காரத் தோன்றியது. சளி வந்து போன உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பிறகு ஒருநாள் கொடியில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தவர் கணவரைக் கூப்பிட்டார்.

"என்னங்க, இது என்ன சோப்பு? உங்க வெள்ளைச் சட்டை எல்லாம் மஞ்சள் பூத்துப் போயிருக்கு."

அவருக்குச் சுருக்கென்றது. துணி துவைப்பதில் அவரை யாரும் குறை சொன்னதில்லை. சட்டையை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது.

"வெள்ளையாத்தானேம்மா இருக்கு?"

"இதுவா வெள்ளை? சுவத்தைப் பாருங்க, அதுவும் பழுப்பேறிக் கிடக்கு. போன வருஷம்தானே பெயின்ட் அடிச்சோம்?"

அவர் சுவரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். சண்டைக்கு வந்தவர் அப்படியே அடங்கிவிட்டார். "கண்ணை ஒருதரம் காட்டிட்டு வந்துடலாமா?" என்றார் மெதுவாக.

"கண்ணாடி மாத்தணும்னா மாத்திக்கலாம். இப்போ என்ன அவசரம்?" என்று அக்கா சிரித்தார். தெருவிளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிவதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வண்டியைத் தொட விடமாட்டார் என்று தெரியும்.

மறுநாள் காலை முதல் வகுப்பு கணக்கு வாத்தியாருக்கு. நாற்பத்தைந்து வயதில் கார் கற்க வந்தவர். கரும்பலகையில் எந்தக் கணக்கையும் கண்ணை மூடிக்கொண்டு போடுவார், ஸ்டீயரிங்கைப் பிடித்தால் மட்டும் கை வேர்க்கும். பின்பக்கமாக எடுத்து இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நிறுத்தச் சொன்னால் போதும், அவருக்கு வீட்டில் ஏதாவது அவசர வேலை ஞாபகம் வந்துவிடும்.

சந்தை தாண்டி வரும் பெரிய சிக்னலில் நின்றார்கள். சிவப்பு மாறியது. வாத்தியார் கிளட்சை விட்டு வண்டியை நகர்த்தினார். அக்காவின் கால் பிரேக்கில் அழுந்தியது. வண்டி குலுங்கி நின்றது.

"எங்க போறீங்க சார்? மஞ்சள்ல ஏன் எடுக்கறீங்க?"

"அக்கா... பச்சைக்கா."

பின்னால் ஹாரன் அலறியது. பக்கத்து வரிசையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அக்கா விளக்கைப் பார்த்தார். கீழே இருக்கிற விளக்குதான் எரிகிறது. கீழே இருப்பது பச்சை, அது அவருக்கு மனப்பாடம். ஆனால் அவர் கண்ணுக்கு அது மஞ்சளாக, சுற்றிலும் ஒரு மங்கலான வளையத்தோடு தெரிந்தது.

அந்த நொடியில் அவருக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது என்று பிறகு சொன்னார். சட்டை, சுவர், தெருவிளக்கு. சோப்பு மேல் தப்பில்லை, பெயின்ட் மேல் தப்பில்லை, தப்பு தன்னிடம். கூடவே தலை லேசாகச் சுற்றியது.

"போங்க சார். சிக்னலைத் தாண்டி இடது பக்கம் ஓரம் கட்டுங்க."

தாண்டியதும் ஓரத்தில் இடம் ஒன்றுதான் இருந்தது. ரொட்டிக் கம்பெனி வேனுக்கும் ஒரு லாரிக்கும் நடுவில். வாத்தியார் வேகத்தைக் குறைத்தார்.

"அக்கா, இங்கயா?"

"இங்கதான். வேனைத் தாண்டி நில்லுங்க. ரிவர்ஸ் போடுங்க. எனக்குத் தலை சுத்துது, கண்ணை மூடிக்கிறேன். நீங்க வாயால சொல்லுங்க, நான் வாயால பதில் சொல்றேன். கால் பிரேக்லதான் இருக்கு, பயப்படாதீங்க."

"லாரி மூக்கு கண்ணாடியில தெரியுது."

"முழுசா ஒடிங்க. மெதுவா. இப்போ என்ன தெரியுது?"

"நடைபாதை ஓரம் தெரியுது."

"நேராக்குங்க. இன்னும் கொஞ்சம். போதும், போதும்! ஹேண்ட் பிரேக்கைப் போடுங்க."

வாழ்நாளில் முதல்முறையாக வாத்தியார் நிறுத்திய வண்டி நேராக நின்றது. அதைக் கொண்டாட அவருக்கு நேரம் இல்லை. திரும்பிப் பார்த்தால் அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.

"அக்கா, ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். நானே ஓட்டறேன். பாத்து, மெதுவாப் போறேன்."

"வேணாம் சார்."

"அஞ்சு நிமிஷம்க்கா!"

"வழியில நான் மயக்கம் போட்டா இந்தப் பிரேக்கை யார் மிதிப்பாங்க? நடுப்பாலத்துல நீங்க என்னைப் பார்ப்பீங்களா, ரோட்டைப் பார்ப்பீங்களா? சாவியை எடுத்துப் பாக்கெட்ல போடுங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

வாத்தியார் கூப்பிட்டார். இடத்தைச் சரியாகச் சொன்னார். ரொட்டி வேனின் நிறத்தைக்கூடச் சொன்னார். அக்கா கையை நீட்டினார்.

"நாடி பாருங்க. கட்டைவிரல் பக்கம், மணிக்கட்டுல. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணுங்க. உங்களுக்கு எண்ணத் தெரியாதா என்ன?"

அவர் எண்ணினார். முகம் மாறியது. மறுபடி எண்ணினார்.

"முப்பத்தெட்டுக்கா. நடுவுல நடுவுல நின்னு நின்னு வருது. நான்தான் எங்கயோ விட்டுட்டேனோ?"

"நீங்க விடல. அதுதான் விடுது" என்றார் அக்கா.

ஆம்புலன்ஸில் வந்த செவிலியம்மா வேகமான ஆள். படுக்க வைத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, திரையைப் பார்த்தபடியே முதல் கேள்வி கேட்டார்: "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

இந்த முறை அக்கா "வழக்கமா" என்று சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து உள்ளே இருந்த அட்டைகளை எல்லாம் அவர் மடியில் கொட்டினார். டிகாக்சின் அட்டையை ஒரு கையிலும், மீதி இரண்டே மாத்திரை இருந்த ஆன்டிபயாடிக் அட்டையை இன்னொரு கையிலும் எடுத்துப் பார்த்த செவிலியம்மா, உடனே மருத்துவமனைக்குப் போன் போட்டு இரண்டு பெயரையும் படித்தார். கணவருக்குத் தகவல் சொல்லும் வேலையை வாத்தியார் எடுத்துக்கொண்டார்.

அவசரப் பிரிவில் இருந்த பெண் டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. நீளமாக வந்த இசிஜி தாளைப் பார்த்துவிட்டு அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"சாப்பாடு பிடிக்கலையாம்மா?"

"நாலஞ்சு நாளா."

"வாந்தி?"

"இருக்கு."

"பார்க்கறதெல்லாம் மஞ்சளாத் தெரியுதா? விளக்கைச் சுத்தி வளையம்?"

அக்கா தலையைத் தூக்கினார். "உங்களுக்கு யார் சொன்னா? நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லலையே!"

"உங்க மாத்திரைதான் சொல்லுது" என்றார் டாக்டர். "டிகாக்சின் உடம்புல அதிகமாச் சேர்ந்தா இப்படித்தான் வரும். முதல்ல பசி போகும், குமட்டும். அப்புறம் கண்ணு நிறம் மாத்திக் காட்டும். கடைசியில இதயத்துல கை வைக்கும். நீங்க அதிகமாப் போடல. சளிக்குக் குடுத்த மருந்து, டிகாக்சினை வெளிய போக விடாம உள்ளயே நிறுத்தி வச்சிருக்கு. வாந்தியில உடம்புல தண்ணி வத்தினதால கிட்னியாலயும் அதைத் தள்ள முடியல. ரத்தம் எடுத்துப் பார்த்திடலாம். ஆனா அது வர்ற வரைக்கும் நான் காத்துக்கிட்டு இருக்கப் போறதில்ல."

பேசிக்கொண்டே வேலை நடந்தது. இரண்டு மருந்தையும் நிறுத்தச் சொன்னார். துடிப்பை ஏற்ற ஓர் ஊசி போட்டார்கள். கையில் சலைன் ஏறியது. ரத்தப் பரிசோதனையில் டிகாக்சின் இருக்க வேண்டிய அளவைப் போல மூன்று மடங்கு இருந்தது. பொட்டாசியம் குறைந்திருந்தது. நீர் பிரிகிற மாத்திரையும் வாந்தியும் சேர்ந்து அதை வெளியேற்றியிருந்தன. அது குறைந்தால் டிகாக்சினின் ஆட்டம் இன்னும் கூடுமாம். அதையும் அளந்து, பார்த்துப் பார்த்து ஏற்றினார்கள்.

கணவர் சைக்கிளை மருத்துவமனை வாசலில் சாய்த்துவிட்டு, பூட்டக்கூட மறந்து ஓடி வந்தார். அப்போது திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு நீளமாக ஒரு தரம் படுத்துவிட்டு எழுந்தது. பிறகு தப்புத் துடிப்புகள் வரிசையாக வந்தன. ஊசி போட்டும் துடிப்பு ஏறவில்லை.

"இதுக்குன்னே ஒரு எதிர்மருந்து இருக்கு" என்று டாக்டர் அவரிடம் நேராகச் சொன்னார். "ரத்தத்துல இருக்கற டிகாக்சினைப் பிடிச்சுக் கட்டிப் போட்டுடும். அப்புறம் அது இதயத்துகிட்ட போக முடியாது. ஸ்டோர்ல இருக்கு, வந்துகிட்டு இருக்கு. நீங்க பக்கத்துல உட்காருங்க. கையைப் பிடிச்சுக்குங்க."

அவர் உட்கார்ந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சட்டை வெள்ளைதான்" என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமல். "உங்க சோப்பு நல்ல சோப்பு."

மனிதர் அழுதுவிட்டார். அங்கே அவர் அழுதது அந்த ஒரு தடவைதான்.

எதிர்மருந்து சலைன் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கியது. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்துகொண்டார். கொஞ்சம் கொஞ்சமாகத் தப்புத் துடிப்புகள் குறைந்தன. கோடு படுப்பது நின்றது. மதியம் ஆவதற்குள் நாடி ஐம்பதைத் தாண்டியது. சாயங்காலம் வார்டுக்கு மாற்றினார்கள். மறுநாள் காலை கண் விழித்த அக்கா, எதிர்ச் சுவரை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவங்களும் வெள்ளை பெயின்ட்தான் அடிச்சிருக்காங்க" என்றார். பிறகு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டார்.

இதய மருத்துவர் வந்து கட்டிலோரம் நின்றார்.

"இந்த மருந்துல, வேலை செய்யற அளவுக்கும் விஷமாகற அளவுக்கும் நடுவுல இடம் கம்மி" என்றார்.

"குறுகலான சந்துன்னு சொல்றீங்க. சந்துல வண்டி போகலாம். பக்கத்துல எவன் இடிக்கறான்னு பார்த்துக்கிட்டே போகணும்."

"அதேதான். இப்போ அந்தச் சந்தே வேணாம். வேற மாத்திரை கொஞ்சமா ஆரம்பிக்கலாம். கிட்னியையும் பொட்டாசியத்தையும் அப்பப்போ பார்க்கணும். பசி போனா, தலை சுத்தினா, நாடி ரொம்பக் குறைஞ்சா அன்னிக்கே வரணும். ஆனா நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது, நீங்களா எதையும் சேர்க்கவும் கூடாது."

"வண்டி?"

"நான் பார்த்துச் சொல்ற வரைக்கும் தொடக் கூடாது."

அதுதான் அக்காவுக்குக் கசந்தது. வீட்டில் இருந்த அந்த வாரங்களில் அவர் கணவர் பட்ட பாடு தனிக்கதை. வெங்காயம் நறுக்குவதற்குக்கூட "இடது பக்கம் பாருங்க, விரல் வருது" என்று அக்கா வழிகாட்டுவார். அனுமதி கிடைத்த அன்று அவரை விடக் கணவர்தான் அதிகம் சந்தோஷப்பட்டார்.

அதற்கு முன்னால் அக்கா செய்த வேலை ஒன்று உண்டு. நடக்கத் தெம்பு வந்ததும் தெருமுனை கிளினிக்குக்குப் போனார். சண்டை போடத்தான் போகிறார் என்று கணவரும் பின்னாலேயே போனார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"நான் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கணும்மா" என்றார் கடைசியில்.

"நானும் ஒழுங்கா ஒரு பதில் சொல்லியிருக்கணும் டாக்டர். இனிமே ரெண்டு பேரும் செய்வோம்."

இப்போது அந்தக் கிளினிக்கில் யார் உள்ளே நுழைந்தாலும் டாக்டர் சொல்கிற முதல் வார்த்தையே, "வீட்டுல போடற மாத்திரை எல்லாத்தையும் மேஜை மேல வைங்க" என்பதுதான். எடுத்து வராதவர்களைத் திருப்பி அனுப்பி எடுத்து வரச் சொல்கிறார். முணுமுணுத்துக்கொண்டே போனாலும் எடுத்து வருகிறார்கள்.

கணக்கு வாத்தியார் இரண்டாம் முயற்சியில் லைசென்ஸ் வாங்கினார். ஆனாலும் பள்ளிக்கு இன்னும் பஸ்ஸில்தான் போகிறார், காரைப் பத்திரமாக வீட்டில் வைத்திருக்கிறார்.

அக்காவுக்கு இப்போது அறுபத்தொன்று. காலையில் பல் துலக்கியதும் நாடி பார்ப்பார். மாத்திரை அட்டைகளை ஓர் உறைக்குள் போட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறார். போன மாதம் கடைவாய்ப் பல் ஒன்று ஆடி, கன்னம் வீங்கிவிட்டது. பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். அக்கா வாய்க்குப் பதில் பையைத் திறந்து, அட்டைகளை அவர் தட்டில் கொட்டினார்.

"அம்மா, பல்லுக்குத்தானே வந்தீங்க? இதெல்லாம் நெஞ்சுக்கு உண்டானதாச்சே!"

"நீங்க குடுக்கற மாத்திரை பல்லோட நின்னுடுமா டாக்டர்? நெஞ்சு வழியாத்தானே போகணும்?"

அவர் சிரித்துக்கொண்டே அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டு இதய மருத்துவருக்குப் போன் போட்டார். எழுத நினைத்த வலி மாத்திரையை மாற்றினார், பல் பிடுங்குகிற நாளையும் தள்ளி வைத்தார். அக்கா அட்டைகளை அள்ளி உறைக்குள் போட்டுக்கொண்டு, "இப்போ திறக்கறேன், பாருங்க" என்று வாயை ஆவெனத் திறந்தார்.